திறந்து வைத்தாலும் பயமில்லாத ஜன்னல்: தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு

மே மாத ராத்திரி. வடசென்னை ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் ஜன்னலைத் திறக்காமல் யாரும் தூங்க முடியாது. "ராத்திரியில ஜன்னலைச் சாத்திக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வந்தால் அம்மா தலையாட்டுவார். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் திறந்துவிடுவார். அதில் தப்பும் இல்லை. வேலையைத் தொடங்கும்போதே இதை ஒப்புக்கொண்டால் வீண் செலவு குறையும். நமக்கு வேண்டியது, ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தாலும் கை நுழையாத, ஆள் நுழையாத ஜன்னல். கூடவே இன்னொன்றும் வேண்டும். உள்ளே இருப்பவர் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தால் பக்கத்து வீட்டார் உள்ளே போக ஒரு வழி. திருடனை மட்டும் நினைத்து நாலு பக்கமும் வெல்டிங் வைத்து அடைக்கிறவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

காசு செலவாகாத வேலை முதலில்

ஒரு நீளக் குடையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் நில்லுங்கள். ஜன்னல் கம்பி வழியாகத் தோள்வரை கையை விட்டு, குடையின் வளைந்த பிடி எதையெல்லாம் தொடுகிறது என்று பாருங்கள். கை இரண்டடி, குடை மூன்றடி: உள்ளே சுமார் ஐந்தடி தூரம் வெளியாளின் கைக்குள் இருக்கிறது என்று கணக்கு. சார்ஜில் போட்ட மொபைல், ஆணியில் மாட்டிய பை, டிவி மேல் வைத்த சாவிக்கொத்து, கட்டிலில் படுத்திருப்பவரின் கழுத்துச் சங்கிலி எல்லாம் அந்த ஐந்தடிக்குள் வந்தால் கிரில் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பலனில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டு, தலைமாடு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வரும்படி செய்யுங்கள். காற்று காலிலிருந்து தலைக்கு வந்தாலும் காற்றுதான். ஜன்னலோரத்து பிளக் பாயின்ட்டில் மொபைல் சார்ஜ் போடுவதை நிறுத்த, சார்ஜரை வேறு சுவருக்கு மாற்றி அங்கேயே ஒரு சின்னப் பலகையும் அடித்துக் கொடுங்கள். வைக்க இடம் இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

அடுத்து வாசல் கதவு. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து வரிசை வீடுகளில் வாசக்காலுக்கு ஒட்டியே ஜன்னல் இருக்கும். ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பக்கவாட்டில் மடக்கினால் கதவின் ஆல்டிராப் (குறுக்கே தள்ளிப் போடும் பெரிய தாழ்ப்பாள்) கையில் சிக்கும். பகலில் இதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் வீட்டுக்காரர்களே சில நேரம் அப்படித்தான் திறந்துகொள்கிறார்கள். இதற்கு ஜன்னலை முழுக்க மறைக்க வேண்டாம். கதவுப் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஓரடி அகலத்துக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட்டைக் கிரிலின் உட்பக்கம் நட்டு போல்ட் போட்டு முடுக்கினால் போதும். வெளிச்சம் வரும், கை வராது. அக்ரிலிக் ஷீட் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஓட்டை போடும்போதே கீறல் விடும், ஓங்கித் தட்டினால் உடையும். போட்ட பிறகு குடையை வைத்து மறுபடி சோதியுங்கள். மேல் சந்து, கீழ் சந்து வழியாகவும் கை திரும்புகிறதா என்று பாருங்கள்.

இருக்கும் கிரில் நிற்குமா

கடலோரக் காற்று வேலையைக் காட்டுவது கம்பியின் அடியில்தான். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். கீழே, கம்பி மரச்சட்டத்துக்குள்ளோ சிமென்ட்டுக்குள்ளோ இறங்கும் அந்த இரண்டு அங்குலத்தில் மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி இரும்பைத் தின்றிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே சுரண்டுங்கள். செதில் செதிலாக உரிந்து வந்தால் சுரண்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு தட்டுப்படும்வரை. மீந்த கனம் மேலே உள்ள கனத்தில் பாதிக்கும் குறைவென்றால் பெயின்ட் அடித்து ஏமாற வேண்டாம். அந்தக் கம்பியை மாற்றத்தான் வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் பீச் ரோடு ஓரம் இருக்கும் வீடுகளில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று நன்றாக இருப்பதால் பக்கத்துக் கம்பியும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தேக்குச் சட்டத்தில் உருட்டுக்கம்பி இறக்கிய பழைய ஜன்னல்களுக்கு வேறொரு கோளாறு உண்டு. துரு ஏறிய இரும்பு பருக்கும். பருத்த கம்பி மரத்தை உள்ளிருந்து பிளக்கும். சட்டத்தின் கீழ்க்கட்டையில் கம்பி இறங்கும் இடத்தில் மரத்தின் போக்கிலேயே கீறல் ஓடியிருந்தால், கம்பியை மேலே தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆடினால், பிடித்து நிற்பது மரம் இல்லை, பழைய பெயின்ட். கரையான் அரித்த சட்டமா என்று தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உள்ளே காலியாக இருக்கும் சத்தம் வரும். அப்படிப்பட்ட சட்டத்தில் புதுக் கிரிலை ஸ்க்ரூ போட்டு மாட்டுவது காசைக் கடலில் போடுவதற்குச் சமம். கிரிலைச் சுவரில் பிடிக்க வைக்க வேண்டும்.

குறுக்குப் பட்டை இல்லாத நெட்டுக்கம்பியும் பலவீனம்தான். நாலடி உயரக் கம்பி நடுவில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் நின்றால் இரண்டு கம்பியை விலக்குவது சுலபம். இரும்பு நன்றாக இருந்து இடைவெளிதான் பிரச்சினை என்றால், 25 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டை இரண்டை உட்பக்கமாகக் குறுக்கே வைத்து ஒவ்வொரு கம்பியோடும் வெல்டிங் வைத்துவிட்டால் பழைய ஜன்னலே இன்னும் பல வருஷம் ஓடும்.

புதுக் கிரில் அடிக்கக் கொடுக்கும்போது

பட்டறையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். அந்தக் கணக்கில் கம்பி கனம் ஒளிந்துகொள்ளும். கனத்தை நீங்கள் சொல்லி, கிலோ கணக்கில் கேளுங்கள். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றுச் சட்டமும் உள்ளே குறுக்காக இரண்டும் 25 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை. நெடுக்காக 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, நடுவுக்கு நடு 4 அங்குலம் என்று 11 கம்பி. மொத்தம் ஏறக்குறைய 24 கிலோ வரும். அதே அளவை 10 மில்லிமீட்டர் கம்பியில் அடித்தால் 19 கிலோ. கிரில் வந்து இறங்கியதும் தராசில் வைத்துப் பாருங்கள். 15 கிலோதான் இருக்கிறதென்றால் உள்ளே போயிருப்பது வேறு கம்பி. குழாயா கெட்டியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பூ, மயில், சூரியன் டிசைன் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் நடுவில் பெரிய வளையம் வைத்தால் அந்த வளையமே ஓட்டை. எந்த டிசைனானாலும் ஒரு சந்தும் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குறுக்குப் பட்டையில் ஓட்டை போட்டுக் கம்பியை நுழைத்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். பட்டையின் மேல் கம்பியை வைத்து ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால், துரு அந்தப் பொட்டிலிருந்துதான் தொடங்கும்.

வெளியே தள்ளி நிற்கும் பெட்டி கிரில் துணி காய வைக்கவும் தொட்டி வைக்கவும் வசதிதான். தரைத்தளத்தில் அதை வைத்தால் மாடி வீட்டுக்கு ஏறத் திருடனுக்கு நீங்கள் ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. வைத்தே தீர வேண்டும் என்றால் மேல்பாகம் கால் வைக்க முடியாதபடி சரிவாக இருக்கட்டும்.

பிரைமரும் முதல் கோட்டும் பட்டறையிலேயே முடிந்து வர வேண்டும். சுவரில் மாட்டிய பிறகு அடித்தால் சுவரைத் தொடும் பின்பக்கம் வெறும் இரும்பாகவே நிற்கும், துரு அங்கேதான் கூடு கட்டும். வெல்டிங் கசடைத் தட்டி எடுத்து, எமரித் தாள் போட்டு, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு அல்லது எபாக்சி பிரைமர், அதன்மேல் எனாமல் இரண்டு கோட். கடலிலிருந்து நாலு தெருவுக்குள் இருந்தால் எபாக்சியே எடுங்கள். ஸ்டெயின்லெஸ் கிரில் துருவே பிடிக்காது என்று விற்பார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் உப்புக் காற்றில் டீக்கறை மாதிரி பழுப்பு ஏறும். துடைத்தால் போகும், ஆனால் துடைக்க வேண்டும்.

சுவரில் பிடிப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கான்கிரீட் சுவரிலும் நல்ல சிமென்ட் கட்டு செங்கல் சுவரிலும் 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் (முடுக்கும்போது சுவருக்குள் விரிந்து பிடிப்பது), 75 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குறையாமல் போடலாம். நாலுக்கு நாலு கிரிலுக்கு எட்டுக்குக் குறையக் கூடாது. மூலையிலிருந்து ஐந்தங்குலம் தள்ளி முதல் போல்ட், பிறகு ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி விடாமல். ஜன்னல் ஓரத்திலிருந்து மூன்றங்குலமாவது உள்ளே தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டை முடுக்கும்போது ஓரச் செங்கல் பெயர்ந்து கையோடு வரும். ஓட்டை போட்டதும் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டைத் தட்டுகிறவர்கள் அதிகம். தூள் இருந்தால் ஆங்கர் விரிந்தும் பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை) போட்ட பழைய வீடுகளின் சுண்ணாம்புக் கட்டில் விரியும் ஆங்கரே வேண்டாம். காரை இளகியது, ஆங்கர் விரிய விரிய அது பொடிந்து இடம் கொடுக்கும். அன்றைக்குக் கெட்டியாகத் தெரியும், ஆறு மாதத்தில் ஆடும். இந்தச் சுவருக்குப் பழைய முறைதான் சரி: கிரில் சட்டத்தில் பக்கத்துக்கு மூன்று ஹோல்டு ஃபாஸ்ட் (சுவருக்குள் புதையும் இரும்புத் துண்டு) வெல்டிங் வைத்து, சுவரில் நாலங்குலச் சதுரத்துக்கு ஐந்தாறு அங்குலம் ஆழமாகக் கொத்தி, ஓட்டையைத் தண்ணீர் விட்டு நனைத்து, 1:2:4 கான்கிரீட் (சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு) வைத்து அடைப்பது. மூன்று நாள் கிரிலுக்குக் கீழே முட்டுக்கொடுத்து வையுங்கள், ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள். அந்த ஏழு நாளும் அம்மாவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

போல்ட் தலை வெளியே தெரிந்தால், ஸ்பேனர் வைத்திருக்கும் எவனும் கழற்றுவான். முடுக்கியதும் தலைமேல் ஒரு பொட்டு வெல்டிங், அல்லது கிரைண்டரால் தலையின் முனைகளை உருட்டி வழித்துவிடுவது. அலுமினியம், யுபிவிசி ஜன்னல்களின் ஃபிரேமில் கிரிலை ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிடும் வழக்கம் புது அபார்ட்மென்ட்களில் நிறைய இருக்கிறது. அந்த மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ ஒரு இழுப்புக்குத் தாங்காது. அங்கேயும் சுவர்தான் பிடிமானம்.

ஸ்லைடிங் ஜன்னல்

மூடியிருக்கும் ஸ்லைடிங் ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். ட்ராக்கை விட்டுக் கழன்று வந்தால் வெளியிலிருந்தும் அப்படியே வரும். மேல் ட்ராக்கின் உட்புறத்தில், ஷட்டர் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, இரண்டு ஸ்க்ரூவைப் பாதி வரை முடுக்கித் தலையைத் தொங்க விட்டால் தூக்க இடம் இருக்காது. ஷட்டர் உரசாமல் ஓட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விடுங்கள்.

கீழ் ட்ராக்கில் கட்டை போட்டு அடைப்பது நல்ல யோசனைதான், ஆனால் குனிய முடிந்தவருக்கு. முட்டி வலிக்காரர் ஒரு வாரம் போடுவார், பிறகு கட்டை மூலையில் கிடக்கும். இடுப்பு உயரத்தில், மூடினால் தானே பிடித்துக்கொள்ளும் டச் லாக் வைப்பதே மேல். காற்றுக்காக நாலங்குலம் மட்டும் திறந்து நிறுத்த, ட்ராக்கில் சாவி போட்டு இறுக்கும் ஸ்டாப்பர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நாலங்குலத்துக்கு மேல் திறக்காதபடி வைத்து, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், பின்னால் கிரில் இருக்கும் ஜன்னலில் மட்டும்.

தாழ்ப்பாள் கைக்கு வர வேண்டும்

உச்சித் தாழ்ப்பாளைப் போட முக்காலி மேல் ஏறி விழுவது, திருட்டைவிடப் பெரிய ஆபத்து. பெரியவர் தொடும் தாழ்ப்பாள் எல்லாம் தரையிலிருந்து மூன்றடிக்கும் நாலடிக்கும் இடையில் இருக்கட்டும். மேல் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், இருந்தால் போடத் தோன்றும். விரல் மடங்காதவருக்கு டவர் போல்ட்டின் சின்னக் குமிழ் எதிரி. பத்து அங்குல போல்ட்டாகப் போட்டால் குமிழ் பெரிது, பிடிக்கலாம். உள்ளங்கையால் அழுத்தினாலே திரும்பும் நீள லீவர் கைப்பிடி இன்னும் நல்லது. ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலமாவது இருக்கட்டும். பாக்கெட்டில் கூட வரும் அரை அங்குல ஸ்க்ரூவைத் தூக்கிப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மர ஜன்னல் ஊதிக்கொண்டு சாத்த வராது. உடனே தச்சரைக் கூப்பிட்டுச் சீவ வேண்டாம். மாசியில் மரம் காய்ந்து சுருங்கினால் அந்தச் சந்தில் தாழ்ப்பாளே பிடிக்காமல் போகும். மழைக்காலத்துக்கு உரசும் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். தை மாதம் வந்தும் இறுக்கமாகவே இருந்தால் அப்போது சீவலாம்.

மறந்துபோகும் ஓட்டைகள்

பாத்ரூம் வென்டிலேட்டரின் லூவர் கண்ணாடி இரண்டு பக்கத் தகட்டை லேசாக நிமிர்த்தினால் ஒவ்வொன்றாக உருவி வந்துவிடும். உட்பக்கம் கிரில் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய ஓட்டை, விண்டோ ஏசிக்காகக் கிரிலை அறுத்துப் பிளைவுட் வைத்து மறைத்த ஜன்னல், முற்றத்தின் திறந்த கூரை, இவையும் கணக்கில் வர வேண்டும். ஏசியைச் சுற்றி 25க்கு 25க்கு 3 மில்லிமீட்டர் ஆங்கிளில் (L வடிவ இரும்பு) ஒரு கூண்டு அடித்து, அதைச் சுவரோடு பிடிக்க வைப்பது வழி. மொட்டை மாடிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெருக்களில் மாடி ஜன்னல் தரைத்தள ஜன்னலைவிடப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்க் குழாய், சன்ஷேடு, எதிர்வீட்டுப் பால்கனி மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொசுவுக்கு ஒட்டும் நைலான் வலையை பிளேடால் கிழித்துக் கை விடலாம். கை நுழைவது பயமென்றால் கிரிலின் உட்பக்கம் அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (வெல்டிங் வைத்த கம்பி வலை) வைத்து, அதற்குப் பின்னால் கொசுவலையை ஒட்டுங்கள்.

உள்ளே போகும் வழி

ஒரு ஜன்னலாவது கீல் வைத்துத் திறக்கும் கிரிலாக இருக்கட்டும். தெருவைப் பார்க்காத, ஆனால் ஆள் வந்து நிற்கக்கூடிய பக்கம் நல்லது. திறப்பு இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒருவர் நுழைய முடியும். பித்தளைப் பூட்டை உட்பக்கம் போட்டு, அதன்மேல் ஒரு இரும்பு மூடி வெல்டிங் வைத்தால் கட்டர் நுழையாது. சாவி வைத்திருப்பவர் மட்டும் கம்பி வழியாகக் கையை விட்டுத் திறக்கலாம். ஒரு சாவி உங்களிடம், ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில், ஒன்று உள்ளே, ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி, சிவப்பு நூல் கட்டி, இருட்டிலும் கை போகும் ஆணியில். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவருக்கும் அதே வழிதான். நம்பர் பூட்டு வேண்டாம்.

வாசல் கதவில் சாவியால் இரண்டு பக்கமும் திறக்கும் பூட்டு இருந்தால், ராத்திரி அதை மட்டும் போட்டு ஆல்டிராப்பை விட்டுவிடும்படி பழக்குங்கள். ஆல்டிராப் போட்டால் வெளிச்சாவிக்கு வேலையே இல்லை. சில பூட்டுகளில் உட்பக்கம் சாவி செருகியிருந்தாலும் வெளியிலிருந்து சாவி நுழையாது. வாங்கும்போதே கடையில் சோதியுங்கள்.

வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி, பட்டனைக் கட்டில் ஓரத்திலும் மணியைப் பக்கத்து வீட்டிலும் வைப்பது சின்னச் செலவு, பெரிய உதவி. இடையில் கனமான பழைய சுவர் இருந்தால் சிக்னல் போகாது; மாட்டுவதற்கு முன் அழுத்திப் பாருங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, முதியோர் உதவிக்கு 14567. இந்த நாலையும் பெரிய எழுத்தில் எழுதி மொபைல் பலகைக்கு மேல் ஒட்டுங்கள். கடைசி எண் காலை 8 முதல் இரவு 8 வரைதான்.

வேலையாட்கள் வரும் நாள்

வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடித்து, வீட்டில் டிரில் வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வயரிங்கில் வெல்டிங் மிஷின் போட்டால் ஃபியூஸ் போகும், தீப்பொறி மெத்தையில் விழும். பொட்டு வெல்டிங் வைத்தே ஆக வேண்டுமென்றால் திரையை அவிழ்த்து, கட்டிலை நகர்த்தி, ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு நீங்களோ சொந்தக்காரர் ஒருவரோ கூட இருங்கள். "அம்மா ஒண்டியாத்தான் இருக்காங்க" என்ற பேச்சு மட்டும் வேலையாட்கள் முன்னால் வேண்டாம். வாடகை வீடென்றால் ஓட்டை போடும் முன் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, போகிக்கு முன் வெள்ளை அடிக்கும் சமயம் இதையெல்லாம் பார்க்கத் தோதானது. மழை விட்டிருக்கும், துரு கண்ணுக்குத் தெரியும். கம்பி அடியை நல்ல தண்ணீரில் கழுவி, உரிந்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் வைத்து, ஒரு கோட் அடியுங்கள். பெயின்ட்டர் அவசரத்தில் தாழ்ப்பாள், கீல், பூட்டுத் துளை எல்லாவற்றின் மேலும் பிரஷை இழுத்துவிடுவார், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவருக்குக் காசு கொடுப்பதற்கு முன் அம்மாவையே கூப்பிட்டு, ஒவ்வொரு ஜன்னலையும் அவர் கையால் ஒருமுறை சாத்தி, ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். திறக்கும் கிரிலின் பூட்டையும் சேர்த்து.